ஒன்றரை அங்குலம்

சைக்கிள் என்னுடையது.
இன்ஜின் பத்தலப்பள்ளி தேசிங்குடையது,
தங்கச்சி வீட்டுக்காரர்.
மாந்தோப்பில் புல் வெட்டுகிற மிஷின்.
நீளக் குழாயைக் கழற்றினால் மூன்றரைக் கிலோ,
சுகப்பிரசவப் பிள்ளையின் எடை.
"மழ வந்து புல்லு ஏறட்டும்,
அன்னிக்கு எனுக்கு வேணும்" என்றார்.
அப்போது பங்குனி.
வானத்தை நம்பிக் கொடுத்தார் அவர்,
நம்பாமல் வாங்கினேன் நான்.

பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
மேல்தோல் தைக்கிறேன்.
மோட்டார் என்றால் எனக்கு
காலை வைத்து அழுத்தினால் ஓடும் ஒன்று.
ஒன்பது வருஷம் அழுத்தியிருக்கிறேன்,
ஓர் இஞ்ச் நகர்ந்ததில்லை.

இதில் இறங்குகிற யாருக்கும்
நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்:
முதலில் வாங்க வேண்டியது இன்ஜின் இல்லை,
பிரேக் கட்டை.
நான் அதைக் கடைசியில் வாங்கினேன்.
இடது முழங்கையைப் பார்த்தால் தெரியும்.

செயின் வேண்டாம், பல்சக்கரம் வேண்டாம்.
பின் டயரின் முதுகில் ஓர் உருளை உட்கார்ந்து
தேய்த்துத் தள்ளினால் போதும்.
கேட்க எளிது.
குடியாத்தம் லேத் பட்டறையில் நாகபூஷணம்
"இன்னாத்துக்குமா இது?" என்றான்.
இடியாப்பம் புழிய என்றேன்.
இரண்டு அங்குலத்தில் கடைந்து கொடுத்தான்.
தூக்க முடியாத மூட்டைக்குக் கீழே நுழைந்தவன் மாதிரி
இன்ஜின் முனகி நின்றது.
அடுத்தது ஓர் அங்குலம்.
சத்தம் வீ.கோட்டா வரை போனது,
சைக்கிள் பள்ளிவாசலைத் தாண்டவில்லை.
மூன்றாம் தடவை அவன் ஒன்றும் கேட்கவில்லை.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தச் சொல்லி
டயரை உள்ளங்கையால் சுற்றிப் பார்த்தான்.
ஒன்றரை என்றான்.
வழுக்காமலிருக்கக் கோடு கோடாய்க் கீறியும் கொடுத்தான்.
காசு வாங்கும்போது மட்டும்
"இடியாப்பம் எனுக்கும் ஒரு தட்டு" என்றான்.

பிறகு நடுக்கம்.
நாலு போல்ட்டும் தாமாகக் கழன்று
நாலு தெருவில் விழுந்தன.
ஐந்தாவது நாள் சூப்பர்வைசர் அஸ்மத் பாஷாவிடம்
கழிவுக்குப் போகிற எருமைத்தோல் கேட்டேன்.
செருப்புக்கா?
ஆமாம் என்றேன், யாருடைய கால் என்று சொல்லவில்லை.
வளையமாய் வெட்டி அடியில் கொடுத்ததும்
பல் கிட்டிப் போயிருந்த இன்ஜின்
வாய் திறந்து பேசியது.

பெட்ரோலில் ஆயில் கலக்க
இருமல் மருந்து மூடிதான் அளவு.
"வண்டிக்குச் சளியாம்மா?" என்றாள் யாழரசி.

ஞாயிற்றுக்கிழமை, பால் வண்டி வருவதற்கு முன்,
கயிற்றை ஏழு தடவை இழுத்தேன்.
எட்டாவதற்குப் பிடித்துக்கொண்டது.
மிதித்தேன், முறுக்கினேன்,
டயர் முதுகில் ஏதோ தொற்றிக்கொண்டது.
காலை நிறுத்தினேன்.
சைக்கிள் நிற்கவில்லை.

புளியமரம் வந்தது, போனது.
ஆடுகள் வழிவிட்டன, ஒரு நாய் விடவில்லை.
ஆம்பூர் பஸ் வேகம் குறைந்து பக்கத்தில் வந்து,
கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு
"இன்னாமே, வூட்ல செஞ்சதா?"
கையை எடுக்கப் பயம்.
தலையை ஆட்டினேன்,
பஸ் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரை முடிவதற்குள் மழை.
ஈர டயரின் மேல்
உருளை வீரிட்டதே தவிர வண்டி அசையவில்லை.
மூன்றரைக் கிலோவையும் சுமந்து
மிதித்தே வீடு வந்தேன்.
பெட்ரோல் தீர்ந்தாலும், மழை வந்தாலும்
இது சைக்கிள்தான். கோபித்துக்கொள்ளாது.

பதினொன்றாம் நாள் தேசிங்கு போன் செய்தார்:
புல்லு முட்டி ஒசரம்.
போல்ட்டுகளைக் கழற்றிக் கொடுத்தனுப்பினேன்,
வளையங்களை எடுக்க மறந்து.
சாயந்தரம் மறுபடி போன்:
"இன்னா பண்ண இத? முன்ன மாதிரி
கை மரத்துப் போவலியே."

உருளை என் பாபின் டப்பாவில் இருக்கிறது.
மாதச் சீட்டு ஆவணியில் விழும்;
பழைய மொபெட் இன்ஜின் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன்,
இந்தத் தடவை செயின்.
நேற்று சம்பளம்.
பிரேக் கட்டை வாங்கிவிட்டேன்.