சொட்டுவது பழுதல்ல

வூர்ட்ஸ்பூர்க். நவம்பர். சனிக்கிழமை.
கடை மூட இன்னும் நாற்பது நிமிடம்.
ஒரு முழுச் சுவர் நிறைய பைப்புகள்:
அன்னக் கழுத்து, குட்டைக் கழுத்து,
கறுப்புப் பூச்சு,
தொட்டால் விரல்ரேகை விழும் பளபளப்பு.
ஒன்றிலும் தண்ணீர் இல்லை.

தண்ணீர் வராமல்
ஒரு பைப்பை எப்படி அறிவது?
நானும் ஒரு போட்டோவை வைத்துத்தான்
ஆளுக்குச் சம்மதம் சொன்னேன்.
அதற்கே பதினேழு வருடம்,
இன்னும் திறந்து திறந்து பார்க்கிறேன்.

வீட்டில் இருப்பது
வெற்றிலை போடாமலே சுண்ணாம்பு ஏறிய வாய்.
மூன்று திசையில் துப்பும்.
அதில் ஒன்று எப்போதும் என் சட்டைக்கு.
எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.
தலையை இழுத்தால் கையோடு வரவேண்டும்.
இடியப்பத் தட்டின் ஒவ்வொரு கண்ணிலும்
காய்ந்து கிடக்கும் மாவை
ஊசியால் குத்தாமல் எடுக்கவேண்டும்.
லீக்ஸ் மடலுக்குள் ஒளித்திருக்கும் மண்ணை
விரல் விட்டுத் தேடாமல் கழுவவேண்டும்.

"ஏன் உது? சும்மா பைப் காணும்,"
என்றார் குகதாசன்,
மலிவான வரிசைப் பக்கம் நகர்ந்துகொண்டே.
காசுக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கடைக்காரப் பெண்,
மார்பில் ஹெப்னர் என்று பெயர்,
"சிங்கின் கீழே என்ன இருக்கிறது?" என்றாள்.
பொலித்தீன் பைகள், ஒரு வாளி,
முளைவிட்ட வெங்காயம் என்று
ஜெர்மனில் அடுக்கத் தொடங்கினேன்.
சிரித்தாள். பாயிலர் இருக்கிறதா?
இருக்கிறது. ஐந்து லிட்டர்.
அப்படியென்றால் அழுத்தம் குறைந்த வகைதான்,
அடியில் மூன்று குழாய் உள்ளது.
மற்றதைப் பூட்டினால் பாயிலர் வெடிக்கும்.
அவள் கையை வீசியதில்
சுவர் முழுதும் உதிர்ந்துபோய்
நான்கு மிஞ்சின.
இழுத்துத் தெளிக்கிற வகை இரண்டு.
"இன்னொன்று.
தண்ணீர் சூடாகும்போது நுனியில் சொட்டும்.
பயப்படாதீர்கள், பழுதல்ல."

பிறகு ஒன்றின் தலையைக் கழற்றி
அவர் கையில் கொடுத்தாள்.

பெருவிரல் தானாகப் பட்டனுக்குப் போனது.
வலத்தோள் இறங்கியது.
இடக்கை காற்றில் ஒரு கோப்பையைப் பிடித்தது,
பீங்கான் கோப்பை, பெரியது,
அதன் பாரம் மணிக்கட்டில் தெரிந்தது.
மேலிருந்து கீழாக ஒரு வீச்சு,
திருப்பி, விளிம்பில் ஒரு சுற்று,
பக்கத்தில் அடுக்கினார்.
அடுத்தது.
அடுத்தது.

ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த ஹோட்டலின்
நிலக்கீழ் அறையில் இருபத்தொரு வருடம்.
நான் கண்டதெல்லாம்
இரவு ஒரு மணிக்கு வெடித்த விரல்கள்,
வாஸ்லின் டப்பா.
வேலையை இன்றுதான் பார்த்தேன்,
ஈரமே இல்லாத ஒரு கடையில்.

நாலாவது கோப்பையில் என்னைக் கண்டார்.
கையை விட்டார்.
குழாய் பாதி உள்ளே போய் நின்றது.

"இதின்ர பாரம் காணாது, முழுக்க இழுக்காது.
பட்டனை அமத்திக்கொண்டே நிக்கவேணும்,
பெருவிரல் செத்துப்போகும்.
ஒருக்கால் தட்டினால் நிக்கிறதை எடு.
கம்பி பின்னின குழாய் வேண்டாம்,
கம்பி அறுந்து கையைக் கிழிக்கும்.
நூல் பின்னினதைப் பார்."

மூச்சு விடாமல் சொன்னார்.
அந்த வேலையைப் பற்றி
அவர் என்னிடம் பேசியது இவ்வளவும்தான்.
நூற்றுமுப்பத்தொன்பது யூரோ.
விலைச்சீட்டை அவர் திருப்பியே பார்க்கவில்லை.

ஞாயிறு முழுக்க
சிங்கின் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன.
மாலையில் தட்டுகளை நான் கழுவினேன்,
கண் கண்ணாக மாவு பறந்தது,
சுவரும் நனைந்தது, நானும் நனைந்தேன்.
அவர் வாசலில் நின்று பார்த்தார்.
"கிட்டப் பிடி," என்றார். வாங்கவில்லை.

இரவு
டக்.
கொஞ்சம் பொறுத்து
டக்.
எழும்பிப் போனார்.
"சூடாகுது, பழுதில்லையப்பா," என்றேன் இருட்டில்.
"தெரியும்," என்றது குசினி.
நுனிக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு
வந்து படுத்தார்.
பிறகு சத்தம் இல்லை.
சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.