மூன்றாம் குரல்

திபிலீசியில் மழை. சுரங்கப்பாதையில்
வண்டியோடு ஒதுங்கினேன்.
டெக்லேயும் வாஹுஷ்டியும் (பெயரெல்லாம் பிறகுதான் தெரியும்)
பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று குரல் பாட்டு.
மூன்றாவது, படியில் கிடந்த போன்.

கல்யாண வீட்டில் இந்தப் பாட்டு எடுத்தால்
சிகரெட்டோடு வெளியே நழுவுகிறவன் நான்.

சார்ஜ் தீர்ந்தது.
பாட்டுக்குத் தரை இல்லாமல் போயிற்று.
நிறுத்தவில்லை அவர்கள்; அந்த இடத்தை
அப்படியே காலியாக விட்டுப் பாடினார்கள்.

என் தொண்டை யாரைக் கேட்டு அங்கே இறங்கியது?
சொல் தெரியாது. ஓ என்று அடியில் ஒரே சுரம்.
கழற்றாத ஹெல்மெட்டுக்குள் பல் அதிர்ந்தது.

"அரைச் சுரம் கீழே!"
மூச்செடுக்கும் இடைவெளியில் டெக்லே சீறினாள்.
இறங்கினேன்.

முதுகுப் பெட்டியில் யாருடைய பாலாடை ரொட்டியோ
ஆறிக்கொண்டிருந்தது.
ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார்.
நியாயம்தான்.