எந்த எடை

வியாழக்கிழமை ஒரு லாரித் தேங்காய்ப் பருப்பு
பன்னிரண்டு கிராம் என்று பதிவானது.
எடைமேடைக் கோப்பில் ஒரு ‘எடை’,
ஆய்வகக் கோப்பில் ஒரு ‘எடை’.
பின்னால் ஏறியது
முன்னால் இருந்ததைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை, காங்கயம்,
பருப்புக் களத்துக்கு மேல்மாடி.
எங்கள் சின்ன மொழிக்குப் பெயர்வெளி வேண்டுமென
நானும் இர்ஷாத்தும் உட்கார்ந்தோம்.

கோப்பு முழுவதையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போடுவோம் என்றான்.
கிளுவை வேலி மாதிரி.
சுற்றி வந்து சேர்ந்தால்தான் அது காடு.
கடைசி வளைவு படல். சாத்திவிட்டால் தீர்ந்தது.

நானூறு வரியும் இரண்டு இடம் தள்ளியே நிற்கணுமா என்றேன்.
நடுவில் ஒரு படல் திறந்து கிடந்தால்
மாடு எந்தச் சந்தில் போச்சென்று சொல்லாமல்
கடைசி வரியில் வந்தல்லவா பிழைச்செய்தி நிற்கும்?
தலையில் ஒரு வரி போதும்,
பஸ் நெற்றியில் பலகை போல:
(பெயர்வெளி களம்)
அதற்குப் பிறகு ஏறுவதெல்லாம் அந்த ஊருக்கு.

‘பாதி வழியில பலகைய மாத்துனா?’
மாத்தக்கூடாது.
‘அத யாரு பாக்கறது?’
டீ வந்தது.

பக்கத்து வெளியின் சொல்லை எப்படி அழைப்பது?
புள்ளிக்கு ஏற்கெனவே
மெய்யெழுத்தின் தலையில் வேலை.
முக்காற்புள்ளியை வேறொன்றுக்குக் கொடுத்தாயிற்று.
நான் மெல்ல, ‘த்து’ என்றேன்.
களத்து எடை. ஆய்வகத்து எடை.
காங்கயத்து மாடு என்கிறோமே,
நடுவில் கோடா போடுகிறோம்?

இர்ஷாத் கொஞ்ச நேரம் பேசவில்லை.
எழுந்துபோய்ப் பலகையில் எழுதினான்:
செக்குத்து எடை. ஆலைத்து எடை.
வாய்விட்டுப் படித்தான்.
சிரித்து முடிக்க நேரமானது.
சாய்கோடு ஜெயித்தது. களம்/எடை.
சாத்தாத படலுக்கு முட்டுக்கொடுத்த குச்சி மாதிரி நிற்கிறது.

‘எல்லாம் கொண்டுவா’ என்ற கட்டளையை நீக்கினோம்.
வேண்டியதைப் பெயர் சொல்லி அழைக்கட்டும்.
பத்திரிகையில் ‘குடும்பத்துடன்’ என்று அச்சடித்துவிட்டுப்
பந்தியில் இலை எண்ணியவள் நான்.

ஆறு மணிக்கு எடைமேடை செங்கோட்டுவேலுக்குப் போன் போட்டேன்.
இனிமேல் திரையில் களம்/எடை என்று வருமுங்க,
குழப்பமே இருக்காது.
அந்தப் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
‘செரிங்க. அது எந்த எடைங்க?
வண்டியோடவா, வெறும் பருப்பா?’

சாய்கோட்டுக்குப் பின்னால்
இன்னொன்றுக்கு இடமிருக்கிறதா என்று திரும்பினேன்.
இர்ஷாத் பேனா மூடியைக் கழற்றியிருந்தான்.