வெற்றெடை

பகாவ் டவுனில் மூன்று எண்ணெய்க் கடை.
சந்தி முனையில் மஞ்சள்,
பஸ் ஸ்டாண்டு எதிரே பச்சை,
கோயில் திருப்பத்தில் சிவப்பு.

மஞ்சள் போட்டால் தன் சாகா காடி பறக்கிறது என்பார்
பழ லோரி ஓட்டும் இன்பநாதன்.
"பறக்கிற காடிக்கு எதுக்குய்யா வருஷா வருஷம் டயரு?"
என்பார் ஸ்டோர் மரியதாஸ். அவர் சிவப்புக் கட்சி.
சத்தியம் பண்ணுவார்,
சாமி மேல் அல்ல, சைலன்சர் மேல்.
ஒர்க்‌ஷாப் ஆ கியோங் ஸ்பேனரைத் துடைத்தபடி
"எல்லாம் சாமா லா" என்று சொல்லிவிட்டு
இருவரிடமும் பிளக் மாற்றக் காசு வாங்குவார்.

டாங்கி லோரி ஜமாலுடின்தான் ஒருநாள்
தேத்தண்ணிக் கடையில் குரலைத் தணித்துச் சொன்னார்:
ஒரே தொட்டி, ஒரே குழாய்.
ஏற்றும்போது கம்பெனி மருந்து கொஞ்சம் சேரும்,
அவ்வளவுதான் மஞ்சளும் சிவப்பும்.
எவ்வளவு மருந்து என்று கேட்டேன்.
சுண்டு விரலின் நகத்தைக் காட்டினார்.

ரசத்துக்குப் பெருங்காயம் போல.
அது இல்லாவிட்டால்
என் மகள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பாள்.
எஞ்சினுக்கு நாக்கு உண்டா?

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
பழத்தோடு வரும் லோரியை நிறுப்பேன்,
கொட்டிவிட்டு வந்ததும் மறுபடி நிறுப்பேன்,
கழிப்பேன்.
பதினாறு வருஷமாய்
வாய்ச்சொல்லை மூட்டைக் கணக்கில் சேர்த்ததில்லை.

ஆகவே ஒரு நோட்டு வாங்கினேன்.
என் கப்சாய் மோட்டாருக்குத் தொண்ணூற்றேழு.
கவுண்டர் பெண் இரண்டு தரம் கேட்டாள்,
"மோட்டாருக்கா அக்கா?"
கடைக்கு நாலு வாரம். விளிம்பு தட்ட ஊற்றி
அடுத்த விளிம்பு வரை ஓடியதை எழுதினேன்.
அதே வழி: எஸ்டேட் வீடு, டவுன்,
மருந்துக்கடை வாசலில் ஒரு நிறுத்தம்,
பிறகு ஆலை.
மழை பெய்தால் மழை என்று எழுதினேன்.
டயருக்குக் காற்றடித்தால் அதையும்.

பச்சை, லிட்டருக்கு நாற்பத்தேழு.
சிவப்பு, நாற்பத்தேழரை.
மஞ்சள்,
ஐம்பத்தொன்று.

இன்பநாதன் கடையிலிருந்த எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கினார்.
மரியதாஸ் நோட்டைப் பிடுங்கி
வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்,
கள்ள நோட்டைப் பார்ப்பது போல.

மறுநாள் காலை,
பழத்தைக் கொட்டிவிட்டு மேடையேறியது இன்பநாதன் லோரி.
கூட வந்த ஆள் தண்ணி குடிக்க இறங்கிவிட்டான்.
ஜன்னல் வழியே கத்தினேன்:
"ஆள ஏறச் சொல்லுங்க!
மொத எடையில இருந்தவன் ரெண்டாவதுலயும் இருக்கணும்!"

தினம் சொல்கிற வாக்கியம்.
அன்று சொன்ன வாயை மூட மறந்துபோனேன்.

மஞ்சள் தொடங்கியது ஜூன் பத்தாம் தேதி.
ரிசல்ட் வரும்வரை மருந்துக்கடையில் நின்ற லோஷினி
மெட்ரிகுலேஷனுக்குப் பஸ் ஏறியது
ஜூன் எட்டு.

மழையை எழுதியிருக்கிறேன். காற்றை எழுதியிருக்கிறேன்.
பின்சீட்டில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு
ஹெல்மெட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தபடி வந்த
நாற்பத்து மூன்று கிலோவை,
பையோடு நாற்பத்தாறை,
ஒரு பத்தியிலும் எழுதவில்லை.

இன்பநாதனிடம் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்தாயிற்று.
மருந்து வேலை செய்கிறதா என்றால்
அஞ்சு வருஷம் ஓட்டிவிட்டு வா,
வால்வைக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார் ஆ கியோங்.
இப்போது எங்கே வரிசை குறைவோ அங்கே,
பழையபடி தொண்ணூற்றைந்து.
மருந்துக்கடை வாசலில் மட்டும்
பிரேக் தானாக அழுந்துகிறது.
அந்த நிறுத்தத்துக்கும் எண்ணெய் செலவுண்டு.

தீபாவளி லீவுக்கு வருகிறாளாம்.
முதல் நாளே மஞ்சளில் விளிம்பு தட்ட ஊற்றி வைப்பேன்.
கணக்குப்படி நாலு குறைய வேண்டும்.
ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்திருந்தால்
மூன்றுதான் குறையும்.
அதையும் எழுதுவேன்.