அனுப்புநர்

கஹோருக்குத் தெற்கே, கோஸ் மேட்டில்
மண் என்பது பேருக்குத்தான்; எல்லாம் சுண்ணாம்புக் கல்.
அந்தக் கல்லில் ஓடில் பெஸ்ஸியேர்
எண்பத்துநாலு ஓக் கன்று நட்டாள்,
முப்பத்தெட்டு வருடம் தபால் சுமந்த
மஞ்சள் சைக்கிளின் ஓய்வுப் பணத்தில்.

பதினோரு வருடம் ஆயிற்று.
மரத்தைச் சுற்றிப் புல் கருகி வட்டம் விழுந்துவிட்டது,
பூஞ்சை வேரைப் பிடித்ததற்கு அதுதான் அடையாளம்.
சனவரிதோறும் கனெல் ஒவ்வொரு வட்டமாய் முகர்ந்துவிட்டு
உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கும்.
நாய்க்கும் சங்கடம் உண்டு.

பதினேழாம் மரம் மட்டும் ஒரே ஒரு முறை தந்தது:
முப்பத்தெட்டு கிராம் ட்ரஃபிள்.
அவள் விற்கவில்லை.

நான் துலூஸிலிருந்து வந்து
வேர் நுனிகளைக் குப்பியில் எடுத்துப் போகிறவன்.
ஜெல்லில் முக்கால் மணி நேரம் மின்சாரம் ஓடும்;
கோடு மேலே நின்றால் ஒன்று,
கீழே இறங்கினால் இரண்டு.

"எது ஆண்?" என்றாள்.
ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்றேன்.
என் மொழியின் இலக்கணம் பாலை ஐந்தாகப் பிரிக்கும்;
பூஞ்சையை 'அது' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும்.
அதுவோ அந்த ஒரு சொல்லுக்குள்
தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது:
ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் வித்து.
ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால்
ஒன்றுமில்லை.

வேறுபாடு ஒரே ஓர் இடத்தில்,
குரோமோசோமில் கொஞ்ச தூரம்.
அங்கே இதில் எழுதியது அதில் இல்லை.
மற்றபடி கிட்டத்தட்ட ஒரே கையெழுத்து.

கன்று வாங்கியபோது வேரில் இரண்டு வகையும் இருந்தன,
நாற்றுப்பண்ணைச் சீட்டை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.
பிறகு மண்ணுக்கடியில் சத்தமில்லாமல்
ஒன்று மற்றதை நெருக்கித் தள்ளிவிட்டது.
இப்போது மேற்குச் சரிவு முழுக்க ஒன்று.
வேலியோரம் முழுக்க இரண்டு.
நடுவில் டிராக்டர் போகும் பாதை.

பதினேழு வேலியோரம் நிற்கிறது.
உறைபெட்டியில் பட்டாணிப் பைக்குப் பின்னாலிருந்து
அந்த முப்பத்தெட்டு கிராமை எடுத்துத் தந்தாள்.
சதையில் இரண்டு மட்டும்; அது தாயின் சதை.
கருப்பைச் சுரண்டி, பைகளை உடைத்து
வித்துக்குள் போனால்
ஒன்றும் இரண்டும் பாதிக்குப் பாதி.

ஆக, யாரோ வந்திருக்கிறார்கள்.

மேற்குச் சரிவின் நாற்பத்தொரு மரத்தோடும் ஒப்பிட்டேன்.
எதுவும் ஒத்துவரவில்லை.
தைம் புதரின் வேரில் தேடினேன்,
காட்டுப்பன்றி கிளறிய மண்ணில் தேடினேன்,
கனெலின் நகத்தடி அழுக்கைக்கூட
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்தேன்.
தகப்பன் இல்லை. இருந்த தடமும் இல்லை.
பிள்ளைகள் மட்டும், லட்சக்கணக்கில்.

ஓடில் சிரித்தாள்.
"அனுப்புநர் பேர் இல்லாத கடிதம்
வாரத்துக்கு நாலாவது வரும்.
நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் செய்வோம்.
போகவேண்டிய முகவரி இருந்தால் போதும்."

மிச்ச ட்ரஃபிளைத் தண்ணீரோடு மிக்சியில் போட்டாள்.
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
ஆயிரம் ஈரோ சொன்ன பாரிஸ்காரனும் இருந்தானாம் ஒரு காலத்தில்;
நம்பவில்லை, ஆனால் கை பதறியது எனக்குத்தான்.
மரத்துக்கு மூன்று குழி, குழிக்கு ஒரு கரண்டி,
மேலே கரிமண்.
இருட்டும்வரை இருவரும் குனிந்தே இருந்தோம்.

"எத்தனை வருடம்?"
மூன்று, நாலு. இல்லாமலும் போகலாம்.
அவளுக்கு எழுபத்தொன்று.
"சைக்கிளை விற்கவில்லை" என்றாள்,
அதுதான் பதில் என்பதுபோல.

அறிக்கையில் 'தந்தை' என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் கணினி ஏற்பதில்லை.
'ஒன்று' என்று தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் முட்டை உடைத்தேன்.
ஆய்வக விதிக்கு மாறாக
ஒரு வாரம் அந்தத் துண்டோடு
ஒரே குளிர்பெட்டியில் இருந்த ஆறு முட்டை.
ஓட்டில் கீறல் இல்லை,
கறை இல்லை.
சட்டி சூடாகும் முன்பே
அறை முழுக்க அந்த வாசனை.