555 நோட்டு

புதுக் காப்புறுதி அட்டை வந்த மாதம்
கோலக்கெட்டிலில் எங்கள் கிளினிக் வரிசை
முடிவெட்டும் கடையைத் தாண்டி
தவ்கேயின் இரும்புக்கடை வரை போனது.
அதுவரை
காய்ச்சலைப் பனடோலோடு படுக்க வைத்தவர்கள்,
இடுப்பு வலியைத் தைலத்துக்கும்
மூச்சிரைப்பைச் சாமிக்கும் விட்டிருந்தவர்கள்
குளித்து, திருநீறு பூசி,
அட்டை வெளியே தெரியும்படி சட்டைப்பையில் வைத்து
பெண் பார்க்க வருவதுபோல் வந்தார்கள்.

பதினொரு வருஷமாய் நான் இந்தக் கவுன்டரில்.
இப்போது வேலை சுலபம்.
அட்டையைச் செருக வேண்டும்.
பச்சை வந்தால் உள்ளே.
மஞ்சள் வந்தால் கோலாலம்பூருக்குப் போன்,
அங்கே ஒரு பாட்டு ஓடும்,
யாராவது எடுக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.
சிவப்பு வந்தால் என்ன சொல்வதென்று
சொல்லித்தர வந்த பையன் சொல்லித்தரவில்லை.

பொய் சொல்லக் கூடாது. நல்லதும் நடந்தது.
செம்பனைக் குலை வெட்டும் பக்கிரியின் காலை
சர்க்கரை தின்னத் தொடங்கியிருந்தது.
அட்டை அவரைச் சுங்கைப் பட்டாணிக்கு அனுப்பியது.
ஏர்கோன் அறை, சுவரில் டிவி,
ஒரு காசு கேட்கவில்லை.
இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு நடந்தே திரும்பினார்.
கவுன்டரில் ஒரு சீப்பு ராஸ்தாளி வைத்தார்.
"முழுக் காலும் போயிருக்கும் தங்கச்சி."

டாக்டர் மங்கையர்க்கரசிக்குத்தான் கணக்கு உதைத்தது.
ஒரு நோயாளி, ஒரு நோய், ஒரு எண்
என்கிறது சிஸ்டம்.
மாணிக்கவல்லி அக்கா
முட்டிவலியில் தொடங்கி
ஜொகூருக்குப் போய்ப் போனே எடுக்காத மகன் வழியாக
தூக்கம் வராத ராத்திரியில் வந்து முடிப்பார்.
இதற்கு எந்த எண்?
டாக்டர் முட்டிக்கு எண் போட்டார்.
மிச்சத்தைக் காதில் போட்டுக்கொண்டார்.
காதுக்கு யாரும் பணம் கட்டுவதில்லை.

அனுப்பிய பில்கள் மூன்று மாதம் கழித்துத் திரும்பும்.
இருமல் மருந்து ஏன் இரண்டு போத்தல், விளக்கவும்.
இரவு பத்து மணிக்கு, பாதி ஷட்டர் இறக்கி,
ஒற்றை விரலால் தட்டித் தட்டி
இருமலை விளக்குவார் டாக்டர்.

முன்பெல்லாம் லாச்சியில் ஒரு 555 நோட்டு,
உள்ளங்கை அளவு.
பக்கிரி பன்னிரண்டு வெள்ளி, சம்பளத்துக்குப் பிறகு.
லோரிக்கார ஐயாவு முப்பது, பாதி கட்டியாச்சு.
திட்டத்தில் சேர்ந்த கிளினிக்கில்
கடன் நோட்டு கூடாது என்றார்கள்.
ரப்பர் போட்டு உள்ளே தள்ளினோம்.

செவ்வாய்க்கிழமை அமிர்தம் வந்தார்.
கையில் சிவப்பு ஐசி.
பிறந்தது இதே எஸ்டேட் லயத்தில்.
பிறந்ததை எழுத வேண்டியவர்
அன்றைக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.
அறுபத்தேழு வருஷம் இந்த ஊர் மழையில் நனைந்தவரை
இயந்திரம் ஒரு நொடி யோசித்தது.
சிவப்புக்குச் சிவப்பே காட்டியது.
பின்னால் முப்பது பேர்.
"பரவால்லம்மா. பெரியாஸ்பத்திரிக்கு
இப்ப பஸ் இருக்கா?"
இல்லை.

உள்ளிருந்து எட்டிப் பார்த்த டாக்டர்
லாச்சியைக் கண்ணால் காட்டினார்.

ரப்பர் இற்றுப்போய் விரலிலேயே அறுந்தது.
மூடி வைத்த நோட்டில்
புது வரிகள், டாக்டர் கையெழுத்தில்:
மருந்து கம்பெனி தியோ, இரண்டாயிரத்து நானூறு.
கடை வாடகை, இரண்டு மாதம்.
அதற்குக் கீழே என் பெயர்,
பிப்ரவரியில் பாதி, மார்ச் முழுசும்.
கேட்கவே கூடாதென்று நான் வைத்திருந்ததை
அவர் எழுதி வைத்திருந்தார்.

என் பெயருக்கு அடுத்த வரியில் எழுதினேன்:
அமிர்தம், பிரஷர் மாத்திரை, ஒரு மாதம்.
தொகைக்கு இடம் விட்டேன்.

அடுத்தவர் அட்டையை நீட்டினார்.
மஞ்சள்.
போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்தேன்.
பாட்டு ஆரம்பித்தது.