பத்து மீட்டர்

ஏழு சனிக்கிழமை நீ வெளியேதான் இருந்தாய்,
மார்த்தாண்டத்தில், டயர் கடை மாடிப்படிக்குக் கீழே,
ஸ்கூட்டரில் உட்கார்ந்து
என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு,
யாருடைய பிள்ளையையோ
கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவனைப் போல.

"ஒருக்கா உள்ள வா" என்பேன்.
"தோக்கும் வெடியும் எனக்கு ஆகாது, நீ போ" என்பாய்.
வெடி கிடையாது, வெறும் காற்று,
உன் ஸ்கூட்டர் டியூபில் இருக்கிற அதே காற்று என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
நீ டயர் கடைக்காரரோடு
ஷீட் விலை பேசப் போய்விடுவாய்.

எட்டாவது வாரம் மழை.
இடவப்பாதி பிடித்தால் உனக்குப் பால்வெட்டு இல்லை.
அருமனையில் மரங்கள் நனைந்து நிற்க
சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன.
இங்கே டயர் கடையின் ஷட்டரும் இறங்கியிருந்தது.
ஒதுங்க இடமில்லாமல்தான் படியேறினாய்;
என் பேச்சுக்கு வந்தாய் என்று
நான் யாரிடமும் பெருமை பேசவில்லை.

ஏசுபாதம் சார் நாற்காலி இழுத்துப் போட்டார்.
"ரசல், சும்மா பார்த்தா போதும்."
நீ குறித்தாளைப் பார்க்கவேயில்லை.
என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்,
விசைக்கு வெளியே நீண்டிருக்கும் அது
எப்போது உள்ளே வளையும் என்று.
வளைந்தபோது கண்ணை மூடிக்கொண்டாய்.

டக்.
மரச்சீனிக் கம்பு ஒடித்தால்
இதைவிடப் பெரிய சத்தம் கேட்கும்.
"இவ்வளவுதானா" என்றாய்,
ஏமாந்த மாதிரி.

ஐந்து ஈயக்குண்டு, ஒரு தட்டில்.
குன்றிமணியைவிடச் சிறியவை, இடுப்பு ஒடுங்கியவை.
பேசாமல் உன் பக்கம் தள்ளினேன்.
ஏழு வாரமாக நிறையவே பேசிவிட்டேன்.

தட்டைப் பார்த்தபடி சொன்னாய்:
"பன்னெண்டு வயசுல, சித்தப்பா மொவன்
ஏர்கன் ஒண்ணு கொண்டாந்தான்.
சானல் கரையில ஒரு கொக்கு.
நாந்தான் சுட்டேன்.
அது விழேல, விஜிலா. நடந்துச்சு.
ஒத்தச் செறகத் தரையில இழுத்துக்கிட்டு
எனக்க பக்கமாட்டு நடந்துச்சு."

கல்யாணமாகிப் பதினோரு வருடம்.
அந்தக் கொக்கு அன்றைக்குத்தான்
என்னிடம் வந்து சேர்ந்தது.
ஏசுபாதம் சார் எழுந்து
ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலைச் சாத்தினார்.

இது காகிதம், இதற்கு வலிக்காது என்று சொல்லலாம்தான்.
கொக்குக்கு அது பதிலாகாது.
அதனால் உன் வேலையைக் கேட்டேன்:
பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கலாம்?
"தடி தெரியப்படாது. மயிரிழை முன்னால நிறுத்தணும்.
மீறினா மரத்துக்குக் காயம்லா."
விடியுமுன்னே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில்
முந்நூறு மரத்தில் நிறுத்தத் தெரிந்த கை.
விசையிலும் முக்கால் வேலை நிறுத்துவதுதான் என்றேன்.

தோளில் வைத்தாய். காது சிவந்தது.
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாய்.
பிறகு துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாய்.
மறுபடி எடுத்து, மறுபடி தாழ்த்தினாய்.
சார் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் சாரைப் பார்த்தேன்.

மூன்றாவது தடவை, டக்.

ஐந்தில் ஒன்று சுவருக்கு.
ஒன்று பக்கத்திலிருந்த என் தாளுக்கு;
என் கணக்கில் ஒரு ஆறு கூடியது, நன்றி.
இரண்டு வெள்ளையில்.
கடைசிக் குண்டு கறுப்பில்,
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே கோட்டின்மேல்.
"எட்டு" என்றார் சார். நீ தலையாட்டினாய்.
கோட்டைத் தொட்டால் பெரிய எண்தான், விதி அது,
என்று பூதக்கண்ணாடி கேட்டுச் சண்டை போட்டது நான்.
ஒன்பது.

தாளை நாலாக மடித்து
மழைக்கோட்டுக்குள், சட்டைப்பையில் வைத்தாய்.
ஆற்றூர் தாண்டி, வாழைகளுக்கு நடுவே
மிச்சமிருக்கிற ஒற்றை வயலில்
நாலைந்து கொக்கு, மழையில் அசையாமல்.
வளைவில் எப்போதும் ஹாரன் அடிக்கிறவன்
கட்டைவிரலை வெளியே நீட்டியபடியே திரும்பினாய்.

வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது சொன்னாய்,
"மழ நின்னா
அடுத்த சனிக்கெழம டயர் கட தொறந்திருப்பான்."
அதை எதற்குச் சொன்னாய் என்று
இன்றைக்கு வியாழன், இன்னும் பிடிபடவில்லை.
வெளியே தூறுகிறது.